ஒரே பாட்டை ஏன் எல்லோரும் எடுத்து வாசிக்கிறார்கள்?

மன்னார்குடிப் பக்கம் கீபோர்டு பழகிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியானாலும் சரி, கல்யாண மேளமானாலும் சரி, கைப்பேசியில் வந்து விழும் கவர் (ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துச் செய்வது) வீடியோவானாலும் சரி, சுற்றிச் சுற்றி அதே பாட்டுகள்தான் வருகின்றன. அதே படத்தில் அதே இசையமைப்பாளர் போட்ட இன்னொரு நல்ல பாட்டை யாரும் தொடுவதில்லை. வாசிக்கிறவர்களின் சோம்பலா, இல்லை அந்தப் பாட்டுகளுக்குள் அப்படி ஏதாவது இருக்கிறதா?

கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பிரபலமான பாட்டைப் பலர் பாடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே அளவு பிரபலமான இரண்டு பாட்டில் ஒன்றை ஊரெல்லாம் எடுத்துப் பாடுகிறது. மற்றதை எல்லோரும் கேட்கிறார்கள், ரசிக்கிறார்கள், எடுத்துப் பாட மட்டும் ஆள் வருவதில்லை. கேட்கப் பிடிப்பது வேறு, வாங்கிப் பாடத் தோன்றுவது வேறு. தம்பி கேட்பது இந்த இரண்டாவதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் நாகஸ்வரக் குடும்பம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் கோயில், கல்யாணம் என்று வாசித்து, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் நாயனத்தின் பக்கத்திலிருந்துதான் வரும். அதில் ஒரு வசதி உண்டு. நாயனத்தில் சொல் கிடையாது. பாட்டெழுதியவரின் வரி, பாடியவரின் குரல், பின்னால் ஓடிய ஐம்பது வயலின், எல்லாம் போய்விடும். மிஞ்சுவது மெட்டும் காலப்பிரமாணமும் (பாட்டு போகும் வேகமும்) தான். மாப்பிள்ளை அழைப்பில் ஒருபக்கம் வெடிச்சத்தம், ஒருபக்கம் ஜெனரேட்டர் இரைச்சல். அதற்கு நடுவில் முதல் அடியை ஊதும்போதே தெருவில் நிற்கிறவருக்கு இன்ன பாட்டு என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது எவ்வளவு உயர்ந்த பாட்டாக இருந்தாலும் அங்கே எடுபடாது. எனக்குத் தெரிந்தவரை முதல் சோதனை இதுதான்: உடுப்பையெல்லாம் கழற்றிய பிறகும் பாட்டை அடையாளம் தெரிகிறதா?

இந்தச் சோதனையில் சில நல்ல பாட்டுகள் தோற்றுப்போகும். அது அவற்றின் குறை அல்ல. எங்களிடம் சுருதி பிடிக்கும் ஒத்து ஒன்றுதான் உண்டு. இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி. அதில் ஆதார சுருதி மட்டும் நிற்கும், கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம்) மாறாது. பாட்டின் உயிரே அடியில் மாறிக்கொண்டிருக்கும் கார்டுகளில் இருந்தால், மேலே இருக்கும் மெட்டை மட்டும் ஊதும்போது அது பாதிப் பாட்டாகத்தான் கேட்கும். ‘மூடுபனி’யில் (1980) வரும் ‘என் இனிய பொன் நிலாவே’யை கிட்டார் பழகும் பிள்ளைகள் விடாமல் வாசிப்பார்கள், ஏனென்றால் அந்தப் பாட்டு கிட்டாரிலேயே பிறந்த மாதிரி இருக்கிறது. நாயனத்தில் அதை ஊதிப் பாருங்கள், என்னவோ விட்டுப்போன மாதிரிதான் இருக்கும். ஆக, எல்லோரும் எடுக்கும் பாட்டு என்று ஒரே பட்டியல் கிடையாது. வாத்தியத்துக்கு வாத்தியம் பட்டியல் மாறும். ‘ரோஜா’வின் (1992) ‘சின்னச் சின்ன ஆசை’ மாதிரி சில பாட்டுகள் எல்லாப் பட்டியலிலும் இடம்பிடித்துவிடும். அதில் சின்னச் சின்னத் துண்டுகளாக மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. மூச்சு வாங்க இடம் இருக்கிறது. சின்னப் பிள்ளை பாடினாலும், புல்லாங்குழலில் வாசித்தாலும், பேண்டு செட்டில் ஊதினாலும் சிதைவதில்லை.

அசலே எளிமையாக இருந்தால் அடுத்தவருக்கு இடம் அதிகம். பீட்டில்ஸ் குழுவின் ‘யெஸ்டர்டே’ (1965) உலகத்தில் அதிகம் பேர் பதிவு செய்த பாட்டுகளில் ஒன்று. 1986 தொடங்குவதற்குள் 1,600-க்கு மேல் பதிவுகள் வந்துவிட்டதாகக் கின்னஸ் கணக்கு. அதன் அசல் பதிவைக் கேட்டால், குழுவின் நாலு பேரில் மெக்கார்ட்னி ஒருவர்தான் இருப்பார். ஒரு கிட்டார், நாலு தந்தி வாத்தியம், அவ்வளவுதான். தான் வேறு எதைச் சேர்க்கலாம் என்று கேட்கிறவருக்கு உடனே தோன்றும். எல்லா இடத்தையும் நிரப்பிவைத்த பாட்டில் அப்படித் தோன்றாது. நகல்தான் எடுக்க முடியும், நகல் எப்போதும் அசலைவிடக் கீழேதான் நிற்கும்.

அப்படியென்றால் எளிய பாட்டுகளைத்தான் எடுக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. இதைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன்: திரும்பத் திரும்ப எடுக்கப்படுவது இரண்டு ஓரங்களில் இருக்கும் பாட்டுகள். ஒன்று, யார் வேண்டுமானாலும் பாடக்கூடியது. இன்னொன்று, பாடி முடித்தால் கைதட்டு விழும் அளவுக்குக் கஷ்டமானது. ‘கொஞ்சும் சலங்கை’யின் (1962) ‘சிங்கார வேலனே தேவா’ இரண்டாவது வகை. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், ஆபேரி ராகத்தில், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும் பாட்டு. டெல்டாவில் நாயனம் பிடித்த எந்தப் பையனும் ஒரு கட்டத்தில் இதை எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்வான். அதன் ஸ்வரப் பகுதியைத் தாண்டிவிட்டால் ‘பரவாயில்லை, வாசிக்கிறான்’ என்று நாலு பேர் சொல்வார்கள். சிலம்பத்தில் களம் இறங்குகிற மாதிரி அது. நடுவில் இருக்கும் பாட்டுகள்தான் பாவம். சுலபமும் இல்லை, வாசித்தால் பெரிய பேரும் கிடைக்காது. தம்பி சொல்லும் ‘யாரும் தொடாத நல்ல பாட்டு’களில் பெரும்பங்கு இந்த நடுவகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாடுகிறவருக்குப் பிடித்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வேலை வேண்டும். தவில்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆதி தாளத்தில் நிதானமாகப் போகிற பாட்டோ, நல்ல திஸ்ர நடைப் பாட்டோ எடுத்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். சரணம் முடிகிற இடத்தில் மூன்று முறை அடித்து முடிக்கும் ஒரு தீர்மானம் வைக்கலாம், ஆசைப்பட்டால் அதைவிட நீண்ட தாளக் கோர்வையும் வைக்கலாம். அப்படி இடம் இல்லாத பாட்டை ஒருநாள் வாசிப்போம், மறுநாள் அது தானாகவே பட்டியலிலிருந்து நழுவிவிடும். இது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

இதோடு சேர்ந்தது ஒத்திகைப் பிரச்சினை. மெல்லிசைக் குழுக்களோடு சேர்ந்து வாசித்தவர்களுக்கு இது தெரியும். பாடகி திருவாரூரிலிருந்து பஸ்ஸில் வருவார், டிரம்ஸ்காரர் பட்டுக்கோட்டை, கீபோர்டு கும்பகோணம். மேடை ஏறுகிற நேரத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். என்ன கட்டை (சுருதி) என்று கேட்டுக்கொள்ள நேரமிருக்கும், அவ்வளவுதான். அந்த நிலைமையில் எல்லோருக்கும் பாடமான பாட்டுதான் காப்பாற்றும். இடையிசை எங்கே திரும்புகிறது, கோரஸ் எங்கே விழுகிறது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க ஜாஸ் கலைஞர்களிடமும் இதே கதைதான். 1935-இல் மேடையேறிய ஓர் ஆபெராவுக்காக (இசை நாடகத்துக்காக) கெர்ஷ்வின் போட்ட ‘சம்மர்டைம்’ இன்றும் முன்பின் அறியாத நாலு பேர் மேடையில் சந்தித்தால் எடுக்கும் பாட்டாக இருக்கிறது. அவரவர் தனித்தனியே ஏற்கெனவே பழகிவைத்திருப்பார்கள். இதைச் சோம்பல் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு ராத்திரி கச்சேரி நடக்க வேண்டுமே!

அப்புறம், சடங்கு. ‘பாசமலர்’ (1961) வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது ‘வாராயென் தோழி வாராயோ’ இல்லாத கல்யாணம் நம் பக்கத்தில் இன்றும் குறைவு. ‘சாரதா’வின் (1962) ‘மணமகளே மருமகளே வா வா’வும் அப்படித்தான். இவற்றுக்கு முன்னாலேயே அந்த இடங்களில் தியாகராஜரின் ‘சீதா கல்யாண வைபோகமே’ இருந்தது, இன்னும் இருக்கிறது. சடங்கில் ஒரு இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பாட்டைச் சீக்கிரத்தில் கிளப்ப முடியாது, ஏனென்றால் கேட்கிறவர் அதைப் பாட்டாகவே கேட்பதில்லை. ‘பெண் வருகிறது’ என்ற அறிவிப்பாகக் கேட்கிறார். அதைவிட நல்ல பாட்டு பத்து இருக்கலாம். அந்த இடம் காலியாக இல்லை.

இதுவரை சொன்னது பாட்டுக்குள்ளும் மேடையிலும் இருக்கும் காரணங்கள். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஒரு பாட்டு ஊர்ச்சொத்தாக மாறுவதைத் தீர்மானிப்பது முதலில் பாடியவர் அல்ல, இரண்டாவதாக எடுத்தவர். முதல் ஆள் மட்டும் பாடிக்கொண்டிருக்கும் வரை அது அவருடைய பாட்டு. இரண்டாமவர் அதை வேறு மாதிரி பாடிக் காட்டியதும், ‘ஓ, இதை இப்படியும் செய்யலாமா’ என்று மூன்றாமவருக்குத் துணிச்சல் வருகிறது. கனடாக்காரர் லெனார்ட் கோஹன் ‘ஹலேலூயா’வை 1984-இல் வெளியிட்டார். அது இருந்த தொகுப்பை அவருடைய இசைத்தட்டு நிறுவனமே அமெரிக்காவில் வெளியிட மறுத்துவிட்டது. 1991-இல் ஜான் கேல் என்ற பாடகர், கோஹன் எழுதி வைத்திருந்த ஏராளமான சரணங்களிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்து, பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். அதைக் கேட்டு ஜெஃப் பக்லி 1994-இல் கிட்டாரோடு பாடினார். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஆளாளுக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் அவர்கள் எடுப்பது கோஹனுடைய வடிவத்தை அல்ல, கேலும் பக்லியும் காட்டிய வடிவத்தை.

நம் ஊருக்கு வாருங்கள். ஊத்துக்காடு வேங்கட கவியின் பாட்டுகளை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதர். அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடியிருக்காவிட்டால் கானடா ராகத்தில் அமைந்த ‘அலைபாயுதே கண்ணா’ கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தோடு நின்றிருக்கும். கச்சேரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், நாட்டியக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், 2000-இல் அதன் பெயரிலேயே வந்த படத்துக்குள்ளும் போனது. இன்று கைப்பேசியில் அதைப் பாடும் பிள்ளைகளில் பலருக்கு ஊத்துக்காடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் பாட்டுக்கு ஒன்றும் குறையவில்லை. ‘வாதாபி கணபதிம்’ விஷயத்தில் இன்னும் சுவையான ஒன்று உண்டு. திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் அம்சத்வனியில் செய்த கீர்த்தனை அது. ராகம் அவருடைய தகப்பனார் ராமசாமி தீட்சிதர் உண்டாக்கியது. இன்று நாம் கேட்கும் அடுக்கடுக்கான சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) வையச்சேரி மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) சேர்த்தவை என்று வழிவழியாகச் சொல்வார்கள். இது செவிவழிச் செய்திதான், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தச் சங்கதிகள் இருப்பதால்தான் பாடகர்கள் கச்சேரியை அதில் தொடங்க ஆசைப்படுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐந்தே ஸ்வரம், கேட்டவுடன் தெரியும் பல்லவி, ஏறிக்கொண்டே போகும் சங்கதி. குரலும் சூடாகிவிடும், சபையும் அமைதியாகிவிடும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ‘அசல்’, ‘கவர்’ என்று பிரித்துப் பார்ப்பதே ஒலிப்பதிவு வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம். தியாகராஜர் காலமானது 1847-இல், அவர் பாடியதைப் பதிவு செய்ய அன்றைக்குக் கருவி கிடையாது. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீடர் வழிகளில் அவருடைய கீர்த்தனைகள் வந்து சேர்ந்தன. ஒரே கீர்த்தனைக்குப் பாடாந்தரம் (வழிவழியாகப் பாடும் வடிவம்) மாறும். எது அசல் என்று யாரிடம் போய்க் கேட்பது? கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிக்கிறோமே, அதை யாரும் கவர் என்று சொல்வதில்லை. இதற்கு நேர்மாறாக, திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினம் ஐந்தையும் நூற்றுக்கணக்கானவர்கள் ஆற்றங்கரையில் சேர்ந்து பாடுகிறார்கள். அங்கே எல்லோரும் ஒரே பாடாந்தரத்துக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் இரைச்சல்தான் மிஞ்சும். ஆக, பலர் எடுப்பதால் ஒரு பாட்டு பல வடிவமாகக் கிளைப்பதும் உண்டு, இறுகி ஒரே வடிவமாவதும் உண்டு. இசைத்தட்டு வந்ததும் இன்னொரு வேடிக்கை நடந்தது. நாகஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனையை, அதில் சாகித்தியமே (பாட்டு வரியே) கிடையாது, ஒரு தலைமுறை நாயனக்காரர்கள் தட்டைக் கேட்டுக் கேட்டு அப்படியே ஊதிப் பழகினார்கள்.

பணமும் சட்டமும் எங்கே வருகின்றன என்றும் தம்பி கேட்கக்கூடும். நான் வக்கீல் இல்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. தியாகராஜரும் தீட்சிதரும் அந்தக் கணக்குக்கு அப்பாற்பட்டவர்கள், அவர்கள் பாட்டை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். சினிமாப் பாட்டு அப்படி இல்லை. 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு, முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துக் கவர் பதிவு செய்ய வழி விடுகிறது. ஆனால் முன்கூட்டியே தெரிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். கீபோர்டு வாசிக்கிற ஒரு பையனுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் பலரும் யூடியூபில் நேராக ஏற்றிவிடுகிறார்கள். உரிமைக்காரர் கண்டுகொண்டால் விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம், வீடியோ தூக்கப்படவும் செய்யலாம். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு நிம்மதி: கல்யாண ஊர்வலத்திலும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களிலும் வாசிப்பதற்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. பதிவு செய்து விற்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

இனி சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்கிறவை. எடுபட்ட பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் லட்சணங்களைப் பட்டியலிடுவது எளிது. அதே லட்சணங்களோடு எடுபடாமல் போன பாட்டுகள் எத்தனையோ, அவை நம் காதிலேயே விழவில்லை. 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெயர் கேள்விப்படாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது தெரியாது, மற்றப் பிரிவுகளுக்குத் தெரியும். தெரிந்த பிரிவுகளில் எது மேலே வரும் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறியது. மிக நல்ல பாட்டு அடியில் போவதும் மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிதாக இருந்தது, இடையில் என்ன வேண்டுமானாலும் நடந்தது. அது கேட்பதைப் பற்றிய சோதனை, கவர் செய்வதைப் பற்றியது அல்ல. இருந்தாலும் எங்கள் தெருவில் நடப்பது அதேதான் என்று தோன்றுகிறது. பக்கத்துக் கல்யாணத்தில் வாசித்ததைத்தான் இந்தக் கல்யாணத்திலும் கேட்கிறார்கள். அதனால் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னிடம் கோல் இல்லை. என் அனுபவம் கோயில், கல்யாணம், ஊர்க் கச்சேரி இவற்றோடு முடிகிறது. சினிமாவில் பழைய பாட்டுகளை மறுபடி போடுவது வேறு வியாபாரம், அதைப் பற்றி உள்ளிருந்து பேசத் தகுதி எனக்குக் கிடையாது.

கடைசியாகத் தம்பி கேட்ட சோம்பல் விஷயம். கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வாசிக்க வருகிறவருக்குத் தெரிந்த பாட்டைவிட்டால் வேறு அளவுகோல் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நீங்களே சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு வாசித்தால், நீங்கள் நன்றாக வாசிக்கிறீர்களா, மெட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறவரால் பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்த பாட்டில் நீங்கள் எங்கே பிடிக்கிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்பது அவருக்கு உடனே தெரியும்.

தொடாத பாட்டைத் தொட ஆசையாக இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் கார்டு இல்லாமல், வலது கையில் மெட்டை மட்டும் வாசித்து வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். பாட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. கச்சேரியில் அதைத் தனியாக வைக்காதீர்கள். அதே ராகத்தில், அல்லது அதே கட்டையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை வாசித்து, கைதட்டு அடங்குவதற்குள் நிறுத்தாமல் இதற்குள் போய்விடுங்கள். டிரம்ஸ்காரரிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள், அவருக்கும் ஒரு இடம் விடுங்கள். முதல் ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதற்காக விட்டுவிடாமல் அடுத்த ஊரிலும் வாசியுங்கள். பக்கத்துக் குழுவில் யாராவது, ‘அன்றைக்கு அந்தப் பாட்டை என்ன கட்டையில் எடுத்தீங்க?’ என்று கேட்டு வந்தால், ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.